பழைய டீசல் லோகோவைக் காப்பாற்ற: முதலில் கூரை, அப்புறம் பெயின்ட்

நாகர்கோவில் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஓய்வு பெற்ற ஆல்கோ டீசல் லோகோ ஒன்றை ரயில்வேயிடம் கேட்டு, நாகர்கோவில் ஜங்ஷன் பக்கம் நிறுத்திப் பழையபடி ஆக்க நண்பர்கள் சிலர் ஆசைப்படுகிறோம். எவ்வளவு பணம் திரட்ட வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது? திரும்ப ஓட வைக்க முடியுமா?"

ரயில் இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் டீசல் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது இரணியல் பக்கம் இருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட வைப்போம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மெயின் லைனில் ஒரு லோகோ ஓடுவதென்றால் அது ரயில்வேயின் லோகோவாக, ரயில்வேயின் ஆள் ஓட்டுவதாக, ரயில்வேயின் பாதுகாப்புச் சான்றோடு இருக்க வேண்டும். தன்னார்வலர் குழு ஒன்று அதைச் செய்ய இன்றைக்கு நம் நாட்டில் வழி கிடையாது. நின்ற இடத்திலேயே இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வருஷத்தில் சில நாள் மக்களுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க வைக்கலாம். அதுவும் ரயில்வே ஊழியர்கள் கூட நின்றால்தான். அதற்கே பல வருஷம் உழைக்க வேண்டியிருக்கும். கெடாமல், துருப்பிடிக்காமல், நம்பரும் நிறமும் சரியாக இருக்கும்படி ஒரு லோகோவை நிறுத்தி வைப்பது மட்டும் உங்களால் நிச்சயம் முடியும். அந்த அளவில் திட்டம் போட்டுத் தொடங்குங்கள்.

இது ஏன் நம் மாவட்டத்துக்கு முக்கியம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நீராவி இன்ஜின் என்றால் எல்லோருக்கும் பாசம், டீசல் என்றால் "புகை விடும் பெட்டி" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் குமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979 ஏப்ரலில்தான், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரைக்கும். திருநெல்வேலியிலிருந்து வரும் பாதை 1981 ஏப்ரலில் திறந்தது. அதற்குப் பிறகு மின்கம்பி வரும் வரை நம் ஊர் ரயில் என்றால் டீசல்தான். குழித்துறையிலும் பள்ளியாடியிலும் ஆரல்வாய்மொழியிலும் ஒரு தலைமுறை முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நேரம் பார்த்தது. ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறி வேலை தேடி பெங்களூர் போனவர்களுக்கும், வெளிநாடு போகத் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறியவர்களுக்கும் முன்னால் நின்றது அதுதான்.

அந்தக் காலத்தில் நாட்டின் அகலப்பாதை முழுக்க ஓடியது டபிள்யூடிஎம்-2 என்ற லோகோ வகை. அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது. முதல் லோகோக்கள் 1962-ல் கப்பலில் வந்தன. 1964 ஜனவரியில் வாரணாசி டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸிலிருந்து முதல் லோகோ வெளிவந்தது. வி வடிவில் 16 சிலிண்டர், 2,600 குதிரைசக்தி, எடை 112.8 டன், அதிகபட்ச வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். ஐடிலில், அதாவது சும்மா நிற்கும்போது, இன்ஜின் நிமிடத்துக்கு 400 சுற்று, வேகம் கூட்டும் கைப்பிடியின் கடைசிப் படியான எட்டாவது நாட்சில் 1,000 சுற்று. நாட்ச் ஏற்றியதும் குபுக்கென்று கரும்புகை வருமே, அதற்குக் காரணம் டர்போ, இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று உள்ளே காற்றைத் தள்ளும் கருவி. டீசல் உடனே கூடிவிடும். ஆனால் டர்போ வேகம் பிடித்துக் கூடுதல் காற்றைத் தள்ளச் சில விநாடி ஆகும். அந்த இடைவெளியில் எரியாமல் போகும் டீசல்தான் அந்தப் புகை. 251 என்ற இதே ஆல்கோ மாடல் குடும்பத்து 16 சிலிண்டர் இன்ஜின்தான் அமெரிக்காவில் நாசாவின் ராக்கெட்டுகளை ஏவுதளத்துக்குச் சுமந்து போகும் கிராலர் வண்டியிலும் இருக்கிறது. இஸ்ரோ ராக்கெட் இன்ஜின் சோதிக்கும் மகேந்திரகிரியைப் பார்த்துக்கொண்டே ஆரல்வாய்மொழி தாண்டும் வண்டியில் இருந்த இன்ஜினின் உறவு அங்கே நிலவுப் பயணத்துக்கு வேலை செய்தது. இதை நம் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், கண்ணை விரித்துக் கேட்பார்கள்.

இந்த வேலையில் இங்கிலாந்துக்காரர்கள் நமக்கு ரொம்ப முன்னால் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள இரண்டு விஷயம் உண்டு. டெல்டிக் என்று 3,300 குதிரைசக்தி டீசல் லோகோக்கள் அங்கே 22 இருந்தன. அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1977-லேயே, ரசிகர்கள் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி டெல்டிக் வண்டி ஓடியது 1982 ஜனவரி 2. அதாவது லோகோ ஓய்வு பெறுவதற்கு முன்னாலேயே சங்கமும் உறுப்பினரும் சேமிப்பும் தயாராக இருந்தன. இன்று அந்த 22-ல் 6 லோகோ முழுசாக இருக்கின்றன, மூன்று அந்தச் சங்கத்திடம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் அங்கேயே இருக்கிறது. பிரிட்டனின் முதல் மெயின் லைன் டீசல் லோகோ, 10000 என்ற நம்பர் கொண்டது, 1947 டிசம்பரில் டெர்பியில் வெளிவந்தது. 1968-ல் அதைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டார்கள். இன்று ஒரு குழு அதே மாதிரி ஒன்றைப் புதிதாகக் கட்டுவதற்காக, வேறு லோகோவின் உடம்பையும் பழைய இன்ஜினையும் வாங்கிவைத்துப் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறது. இருந்ததைக் காப்பாற்ற ஆகும் செலவு எங்கே, இல்லாததைத் திரும்ப உருவாக்க ஆகும் செலவு எங்கே! ஆல்கோ குடும்பம் நம் நாட்டில் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கும் காலம் இது. நீங்கள் கேட்டிருப்பது சரியான நேரத்தில்.

சரி, பணத்துக்கு வருவோம். ஏலத்தில் நீங்களே வாங்குவது என்ற யோசனையை விட்டுவிடச் சொல்வேன். 100 டன் இரும்பு, கிலோ 30 ரூபாய் என்று பேச்சுக்குக் கணக்குப் போட்டாலே 30 லட்சம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இன்ஜினிலும் மோட்டாரிலும் இருக்கும் செம்புக்காக வியாபாரி உங்களைவிட அதிகமாகக் கேட்பார். அப்புறம் தண்டவாளத்திலிருந்து இறக்கி, உடம்பைத் தனியாகவும் போகிகளை (சக்கரங்கள் பூட்டிய அடிச்சட்டங்களை) தனியாகவும் தூக்கி, பல அச்சு டிரெய்லரில் ஏற்ற வேண்டும். நம்ம ஊர் ரோட்டில் அந்த டிரெய்லர் எந்த வளைவில் திரும்பும்? வாங்கிய பணத்துக்கு மேல் அங்கேயே போய்விடும்.

நல்ல வழி, லோகோ ரயில்வேயின் சொத்தாகவே இருக்கட்டும். ரயில்வே வளாகத்துக்குள் பீடத்தில் நிறுத்தட்டும். பராமரிப்பை மட்டும் நீங்கள் ஒப்பந்தம் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். ரயில்வே வாரியத்திலேயே பாரம்பரியத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. நாகர்கோவில் திருவனந்தபுரம் கோட்டத்தில் வருவதால் கோட்ட மேலாளருக்கும், சென்னையில் தெற்கு ரயில்வே தலைமையகத்துக்கும் எழுதலாம். சொந்தச் சக்கரத்தில் இழுத்துக்கொண்டு வந்து சேர்ப்பதை அவர்களே செய்துவிட்டால் உங்கள் செலவில் பெரும் பகுதி மிச்சம். ஒப்பந்தத்தில் மூன்று விஷயத்தைத் தெளிவாக எழுதி வாங்குங்கள்: எத்தனை வருஷம், எந்த நாளில் உள்ளே போய் வேலை செய்யலாம், லோகோவை வேறு ஊருக்கு நகர்த்த நினைத்தால் எத்தனை மாதம் முன்னால் சொல்வார்கள். இது கையில் வராமல் ஒரு ரூபாய்கூட வசூலிக்க வேண்டாம்.

கையெழுத்துக்கு முன்னால் இன்னொன்று. அந்த லோகோவுக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். ஓய்வு கொடுத்த லோகோவிலிருந்து டர்போ, பிரேக்குக்கான எக்ஸ்பிரசர், ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தில் சக்கரத்தைச் சுற்றும் டிராக்ஷன் மோட்டார், இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எல்லாவற்றையும் ஓடும் லோகோக்களுக்காகக் கழற்றிவிடுவது வழக்கம். வெளியில் பார்த்தால் முழு லோகோ, இன்ஜினை மூடியிருக்கும் ஹூட் கதவைத் திறந்தால் ஓட்டை. அப்படிப்பட்டதைக் காட்சிக்கு வைக்கலாம், ஸ்டார்ட் செய்யும் கனவை மறந்துவிட வேண்டும். ஆறு மோட்டாரில் எத்தனை இருக்கிறது, பதினாறு சிலிண்டர் ஹெட்டும் இருக்கிறதா, ஜெனரேட்டர் மூடி திறந்து கிடக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டோ எடுங்கள்.

இப்போது நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். தன்னார்வலர் குழுக்கள் முதலில் செய்வது பெயின்ட் அடிப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் வந்து பளபளவென்று ஆக்கிவிடுவார்கள், போட்டோ நன்றாக வரும். இரண்டு மழைக்காலம் போனதும் பெயின்ட் கொப்புளித்து உதிரும். பெயின்ட்டுக்கு அடியில் துரு உள்ளேயே வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கும். நம் மாவட்டத்துக்கு இது இன்னும் கடுமை. தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களுக்கு ஒரு பெருமழை என்றால் நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதோடு கடல் காற்று உப்பையும் கொண்டுவந்து கொடுக்கிறது.

நான் வேலை பார்த்த காலத்தில், ஷெட்டுக்கு வெளியே வெகு நாள் நின்ற ஒரு லோகோவைத் திரும்ப ஸ்டார்ட் செய்யத் தயார்படுத்தினோம். நேரே கிராங்க் செய்யக் கூடாது, அதாவது பேட்டரியால் சுற்றிவிடக் கூடாது. பதினாறு சிலிண்டரிலும் டெஸ்ட் காக் என்ற சின்னத் திறப்பைத் திறந்துவிட்டு, கம்பி போட்டு கிராங்க்ஷாஃப்டைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். பாரிங் என்போம். முதல் சில சிலிண்டரில் உஸ்ஸென்று காற்றுதான் வந்தது. அப்புறம் ஒரு காக்கிலிருந்து கருப்பட்டிப் பாகு நிறத்தில் தண்ணீர் கொட்டியது. ஹெட்டும், சிலிண்டரின் உள்சுவரான லைனரும் நன்றாகத்தான் இருந்தன. மழைத் தண்ணீர் புகைபோக்கி வழியாக டர்போவுக்குள் இறங்கி, புகைக்குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஓடி, எந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றதோ அதற்குள் போய் உட்கார்ந்திருந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அப்படியே பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும், இல்லை ஹெட் பிளந்திருக்கும். ஒரு தகர மூடியை வெல்டிங் பட்டறையில் செய்து புகைபோக்கி மேல் போட்டிருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது.

அதனால் உங்கள் முதல் செலவு அந்த மூடி. இரண்டாவது, தார்ப்பாய். மூன்றாவது, உங்கள் வசூலின் பெரிய இலக்கு: நாலு பக்கமும் காற்று ஓடும்படி, இரண்டு பக்கமும் தாராளமாக இறங்கி நிற்கும் ஒரு கூரை. கூரை நின்ற பிறகுதான் துரு சுரண்டல், பிரைமர், பெயின்ட் எல்லாம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெயின்ட் வேலைக்கு நமக்கு வாகான மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. இரும்பை நல்ல தண்ணீரால் கழுவி உப்பை எடுத்து, முழுசாகக் காயவிட்டு, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். மின்சாதனங்கள் இருக்கும் பக்கம் தண்ணீர் பீய்ச்சவே கூடாது.

நிறம் எது என்று சண்டை வரும். ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு நிறம், ஒரே லோகோவே ஷெட் மாறியபோது நிறமும் மாறியிருக்கும். எந்த வருஷத்து லோகோவைக் காட்டப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்து, அந்த வருஷத்துப் போட்டோவை எங்கிருந்தாவது தேடி எடுங்கள்.

உள்ளே உள்ள எண்ணெயையும் தண்ணீரையும் பற்றிக் கவனம் வேண்டும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் சம்ப் தொட்டியில் சுமார் 900 லிட்டர் லூப் ஆயில், கூலிங் சிஸ்டத்தில் சுமார் 1,200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பழைய காலத்தில் துருவைத் தடுக்க அந்தத் தண்ணீரில் குரோமேட் கலப்பார்கள், அது விஷம். மிச்சம் கிடப்பதை ஓடையிலோ குளத்திலோ திறந்துவிட்டால் பெரும் பாவம். ஷெட் மூலமாக முறையாக அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் குழாய் மேல் சுற்றியிருக்கும் வெள்ளை நாரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதை ஆர்வத்தில் யாரும் கையால் பிய்க்கக் கூடாது. தெரிந்த ஆள் வந்து பார்க்கும் வரை அந்தப் பக்கம் கயிறு கட்டிவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் எண்ணம் இருந்தால் மின்சாரப் பக்கம்தான் அதிக நாள் எடுக்கும். டபிள்யூடிஎம்-2-வில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, பேட்டரி மின்சாரத்தில் மெயின் ஜெனரேட்டரே மோட்டாராகச் சுற்றி இன்ஜினைக் கிளப்பும். ஆகவே ஜெனரேட்டரின் சுருளில் ஈரம் இருந்தால் கதை முடிந்தது. மின்காப்பை அளக்கும் மெக்கர் கருவி வைத்துப் பார்த்து, அளவு குறைவாக இருந்தால் மூடிக்குள் பழைய குண்டு பல்புகளை எரியவிட்டு நாள்கணக்கில் காயவைக்க வேண்டும். மழைக்காலம் முழுக்க அந்த பல்ப் எரிந்துகொண்டிருந்தால் நல்லது. கரன்ட் பில் கொஞ்சம்தான் வரும், காப்பாற்றுவது லட்சக்கணக்கான ரூபாய்ச் செம்பை.

ஆள் பலத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை, நம் மாவட்டம் இதில் கொடுத்து வைத்தது. குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் சின்னமுட்டத்திலும் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு உப்பும் டீசலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். முப்பந்தல் காற்றாலைகளில் வேலை செய்யும் பையன்களுக்கு மெக்கர் கைப்பழக்கம். கோணம் ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அவர்களைச் சும்மா துடைக்க மட்டும் கூப்பிடாதீர்கள். ஒரு ஃபியூயல் பம்பைக் கழற்றிப் பூட்டக் கொடுங்கள், அடுத்த வாரம் அவர்களே நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ரப்பருக்குப் பேர்போன மாவட்டம் என்பதால் லைனர் சீல்களைக் குலசேகரம் பக்கமே செய்துவிடலாமா என்று யாராவது கேட்பார்கள். இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். நைட்ரைல் மாதிரி செயற்கை ரப்பர்தான் வேண்டும், ஆல்கோவுக்கென்று செய்த சீல்களையே வாங்குங்கள். ஓய்வு பெற்ற லோகோ பைலட்டுகளும் ஃபிட்டர்களும் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்ப் பேசி, சொல்வதை ரெக்கார்ட் செய்துவையுங்கள். லோகோவுக்குக் கூரை போடுவதைவிட அது அவசரம்.

வசூலுக்கு வருகிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் 7 பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். பேங்க் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து கட்டாயமாக இருக்கட்டும். நன்கொடை கொடுப்பவர்களுக்கான, 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிச்சலுகைக்கு விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பி வசூலில் இறங்காதீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். அவர்கள் நிச்சயம் கொடுப்பார்கள், இங்கே ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. இந்தியக் குடியுரிமையோடு வளைகுடாவில் வேலை செய்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கணக்கில் வராது. அதே ஆள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால், நாகர்கோவிலில் பிறந்தவராக இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவு இல்லாமல் நூறு ரூபாய்கூட வாங்கக் கூடாது. நன்கொடைப் படிவத்தில் குடியுரிமையைக் கேட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கம்பெனிகளிடம் போகும்போது 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைக் காட்டுங்கள். சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடக்கூடிய பட்டியலில் பாரம்பரியப் பாதுகாப்பும் இருக்கிறது. தொழில் பயிற்சியும் இருக்கிறது, மாணவர்களை வைத்து நீங்கள் செய்யும் வேலைக்கு அது இன்னும் பொருந்தும்.

"லோகோவைக் காப்பாற்றப் பணம் தாருங்கள்" என்று மொத்தமாகக் கேட்டால் ஆள் தயங்குவார். கூரைக்கு ஒரு தூண், ஒரு பேட்டரி, ஒரு கதவு, கேபின் கண்ணாடி ஒன்று என்று பிரித்துக் கேளுங்கள். பதினாறு சிலிண்டருக்குப் பதினாறு பேர் முன்வருவார்கள், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. கோவில் கொடை முடிந்ததும் வரவு செலவு எழுதி ஒட்டுவார்களே, அப்படி மாதாமாதம் கணக்கை லோகோ பக்கத்திலேயே பலகையில் ஒட்டுங்கள். வரும் ஒவ்வொரு ரூபாயிலும் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் பராமரிப்புக்கென்று டெபாசிட் போட்டுவிட வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. பீடத்தில் ஏற்றி, திறப்பு விழா நடத்தி, மாலை போட்டுவிட்டு அடுத்த மழைக்கே மறந்துபோன லோகோக்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், ஒவ்வொன்றையும் பார்க்கும்போது மனசு கொதிக்கும். விழாவுக்குப் பணம் எளிதாகக் கிடைக்கும், பத்தாவது வருஷத்துப் பிரைமருக்குத்தான் கிடைக்காது.

மொத்தம் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். லோகோவின் உள்ளே இருப்பதைப் பார்க்காமல் ஒரு தொகையைச் சொன்னால் அது வெறும் வாய்ச்சொல். கூரைக்கு உள்ளூர் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் மூன்றில் மதிப்பீடு வாங்குங்கள். லோகோவின் நீளம் சுமார் 17 மீட்டர், கூரை 20 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அந்தத் தொகையை முதல் இலக்காக அறிவியுங்கள், அதற்கு மேல் எதுவும் இப்போது வேண்டாம்.

இந்த மாதம் செய்ய வேண்டியது இரண்டு கடிதம். ஒன்று லோகோவைக் கேட்டு. இன்னொன்று, அதற்குப் பதில் வரும்வரை காத்திராமல், நிற்கும் இடத்திலேயே புகைபோக்கிக்கு மூடி போட அனுமதி கேட்டு ஷெட்டுக்கு. இரண்டாவது கடிதத்துக்குச் சீக்கிரம் சம்மதம் கிடைக்கும், அவர்களுக்குச் செலவில்லாத காரியம். லோகோ நம்பரையும் ஹூட் கதவுகளைத் திறந்து எடுத்த போட்டோக்களையும் அனுப்பினால், எது இருக்கிறது எது இல்லை என்று பட்டியல் போட்டுத் தருகிறேன். மூடியின் அளவை நானே வந்து எடுத்துக் கொடுக்கிறேன், ஜூன் மழைக்கு முன்னால் போட்டுவிடலாம்.